57 கிழங்கட்டைகள்: இங்கிலாந்து ரக்பியில் ஓட்டு யார் கையில்?

கொஞ்ச நாளாவே 57 என்கிற எண் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. இங்கிலாந்து ரக்பி பற்றிய பழைய செய்திகளைப் படிக்க ஆரம்பித்தால் எங்காவது ஒரு மூலையில் இந்த எண் வந்து நிற்கும். அது ஒரு கெட்ட வார்த்தையோட ஒட்டிக்கிட்டு வர்ற எண்.

1995 மே 4, வியாழக்கிழமை. சேனல் 4 தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. இங்கிலாந்து அணித் தலைவர் வில் கார்லிங் பேட்டி கொடுக்கிறார். பேட்டி முடிஞ்சிடுச்சு, மைக் அணைஞ்சிடுச்சுன்னு நினைச்சு, ரக்பியை ஒழுங்காக நடத்த 57 கிழட்டு ஆட்கள் எதற்கு என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிடுகிறார். "கிழட்டு ஆட்கள்" என்பது நான் மரியாதைக்காகப் போட்டது. அவர் பயன்படுத்திய ஆங்கில வார்த்தையை நேரடியாகத் தமிழில் எழுதினால் வயிற்றுக் கோளாறு சம்பந்தப்பட்ட சொல் வரும். மைக் அணையவில்லை. அப்படியே ஒளிபரப்பானது.

அந்த 57 பேர் ரக்பி ஃபுட்பால் யூனியனின் கமிட்டி உறுப்பினர்கள். இந்த அமைப்பு 1871ல் லண்டனில் தொடங்கியது, இங்கிலாந்துக்கான தேசிய அமைப்பு. நம்ம கிரிக்கெட்டுக்கு பி.சி.சி.ஐ. மாதிரி. மாவட்டத்துக்கு ஆள், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு ஆள், ராணுவம், கடற்படை, விமானப்படைக்கு ஆள், பள்ளிக்கூடங்களுக்கு ஆள்னு சேர்த்துச் சேர்த்து அந்த எண் 57 ஆச்சு. எல்லாரும் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன்னா கார்லிங் கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் இதை விட்டுடுவாங்க. வாழ்நாள் முழுக்க கிளப்புக்குக் கணக்கு எழுதி, மைதானத்துக்குக் கோடு போட்டு, அப்படியே படிப்படியா மேலே வந்தவங்கதான் அதில் நிறைய பேர்.

மே 6, சனிக்கிழமை காலை கார்லிங் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். யூனியனின் தலைவர் டென்னிஸ் ஈஸ்பி. நேரம் பார்த்துச் செய்தாங்களா, பார்க்காமல் செய்தாங்களா தெரியலை, அன்னைக்கு மத்தியானம்தான் ட்விக்கனம் மைதானத்தில் பில்கிங்டன் கோப்பை இறுதிப் போட்டி. பாத் அணியும் வாஸ்ப்ஸ் அணியும் மோதின, பாத் 36-16 என்று ஜெயித்தது. ஆனால் அன்றைக்கு வந்த கூட்டத்துக்கு ஆட்டத்தைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது: ஈஸ்பியைப் பார்த்துக் கூச்சல் போடுவது. ட்விக்கனம் கூட்டம் அதுவரை அப்படிப் பழகிய கூட்டம் இல்லை. கோட்டு போட்டுக்கிட்டு, கார் டிக்கியைத் திறந்து வெச்சு சாண்ட்விச் சாப்பிடுற கூட்டம் அது.

இங்கே பின்னணி கொஞ்சம் தேவை. கார்லிங் 1988ல், 22 வயதில் தலைவரானார். 1995 மார்ச்சில்தான் அவருடைய அணி ஸ்காட்லாந்தை 24-12 என்று வென்று அந்த ஆண்டின் கிராண்ட் ஸ்லாமை முடித்திருந்தது, அதாவது ஐந்து நாடுகள் போட்டியில் எதிரணிகள் நான்கையும் வென்றிருந்தது. அந்த ஆட்டத்தில் கொடுக்கிற கல்கத்தா கோப்பைக்கு நம்ம பக்கத்துக் கதை ஒன்று உண்டு: கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்களின் ரக்பி கிளப் 1878ல் மூடப்பட்டபோது, வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கிச் செய்த கோப்பை அது. சரி, விஷயத்துக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை மே 25ஆம் தேதி தொடக்கம். இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அந்த நேரத்தில் தலைவரைத் தூக்கியாச்சு.

ரசிகர்கள் கொதித்தார்கள், பத்திரிகைகள் எழுதின. அதெல்லாம் நடந்தது உண்மைதான். ஆனால் கமிட்டியைக் கவிழ்த்தது அது மட்டும்தானா? பதவியை அடுத்து யாருக்குக் கொடுக்கலாம்னு பார்த்தபோது ராப் ஆண்ட்ரூ வேண்டாம் என்றார். டீன் ரிச்சர்ட்ஸும் வேண்டாம் என்றார். தலைவர் நாற்காலி காலியா இருக்கு, உட்கார ஆள் இல்லை. மே 8, திங்கட்கிழமை, கார்லிங் மன்னிப்புக் கேட்டார், பதவி திரும்பக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் முடிந்து ஐம்பது ஆண்டு ஆன நாள் என்பதால் நாடு முழுக்க விடுமுறை. பெரியவர்கள் சரணடைந்ததும் அதே நாளில்தான்.

கூட்டத்தின் கூச்சல் கமிட்டிக்குக் கூச்சத்தைத்தான் கொடுத்தது. அதற்கு மாற்று வழி இல்லாமல் செய்தது ஆட்டக்காரர்களின் மறுப்பு. ரிச்சர்ட்ஸ் சரின்னு தலையாட்டியிருந்தால் ஈஸ்பி இன்னும் ரெண்டு வாரம் திட்டு வாங்கியிருப்பார், அப்புறம் உலகக் கோப்பை தொடங்கியிருக்கும், எல்லாரும் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருப்பாங்க. இது என்னோட ஊகம். ஆனால் இதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்ததைப் பார்த்தால் அவ்வளவு மோசமான ஊகம் இல்லைன்னு தோணுது.

முன்னால் நடந்ததுக்கு நூறு வருஷம் பின்னோக்கிப் போகணும்.

1893 செப்டம்பர் 20. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேலஸ் ஹோட்டல். யூனியனின் பொதுக்குழு. யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் மில்லர் ஒரு தீர்மானம் கொண்டு வருகிறார். ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாமல் இருந்தவனுக்கு, அவன் இழந்த கூலியை மட்டும் ஈடு செய்யலாமா? அவ்வளவுதான் கேள்வி. வடக்கே ஆடினவர்களில் நிறைய பேர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை அரை நாள் போனால் அரை நாள் கூலி போச்சு. தெற்கே ஆடினவர்கள் வக்கீல், டாக்டர், பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கே புரியாது. கூலி இழப்புன்னு ஆரம்பிச்சு கடைசியில் சம்பளத்துல முடியும்னு அவர்கள் பயந்தார்கள். (அந்தப் பயம் தப்பில்லை, அங்கேதான் முடிந்தது.)

யார்க்‌ஷயரிலிருந்து சிறப்பு ரயில் பிடித்து வந்தார்கள். கூட்டம் நடந்த நாள் புதன்கிழமை, வேலை நாள். போகாத கூலியைக் கேட்கிறதுக்காக ஒரு நாள் கூலியை விட்டுட்டு ஒரு சுரங்கத் தொழிலாளி லண்டன் வர முடியுமா? வந்தவர்கள் கிளப் நிர்வாகிகள்தான். எதிர்த்தரப்போ புத்திசாலித்தனமாக 120 ப்ராக்ஸி ஓட்டுகளை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தது. தீர்மானம் 136க்கு எதிராக 282 ஓட்டில் தோற்றது.

இதை ப்ராக்ஸியால் நடந்த மோசடி என்று சொல்பவர்கள் உண்டு. நான் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 282ல் 120ஐக் கழித்தால் 162. அப்பவும் வடக்கு தோற்றிருக்கும், ஆனால் வித்தியாசம் வெறும் 26. அப்படித் தோற்றிருந்தால் அடுத்த வருஷம் திரும்ப முயற்சி பண்ணலாம்னு நினைத்திருப்பார்கள். இரண்டு மடங்குக்கு மேல் என்ற தோல்வி, இந்த அறைக்குள் நமக்கு எந்தக் காலத்திலும் இடமில்லை என்று சொல்லிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, 1895 ஆகஸ்ட் 29, ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, வடக்குக் கிளப்புகள் நார்தர்ன் யூனியன் என்று தனியாகப் போய்விட்டன. லீட்ஸ், வீகன், செயின்ட் ஹெலன்ஸ், ஹல், பிராட்ஃபோர்டு என்று மொத்தம் 22 கிளப்புகள். இன்னைக்கு ரக்பி லீக் என்று 13 பேர் ஆடுகிற ஆட்டம் இருக்கே, அதன் பிறப்பு அங்கேதான். இதில் ரசிகர் பங்கு என்னன்னு கேட்டால், ஓட்டுப் போட அவர்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் செய்தது எளிமையான காரியம். சனிக்கிழமை தன் ஊர் கிளப் எந்த யூனியனில் ஆடுகிறதோ அங்கே போனார்கள். லண்டன் தலைமை யாரென்று வீகன்காரனுக்கு என்ன கவலை?

லண்டனுக்குத்தான் கவலை வந்திருக்க வேண்டும். 1892ல் இங்கிலாந்து மூன்று ஆட்டத்திலும் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் பட்டத்தை வென்ற அணி. அதற்குப் பிறகு தனியாகப் பட்டம் வென்றது 1910ல். பதினெட்டு வருஷம். வடக்கத்தி ஆட்டக்காரர்கள் போனதன் விலை அது. அப்பவும் கமிட்டி தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை, 1909லேயே ட்விக்கனத்தைத் திறந்து கம்பீரமாக உட்கார்ந்தது. ரக்பி யூனியன் ஆட்டத்தில் சம்பளம் கொடுக்கலாம் என்று உலக அமைப்பு அறிவித்தது 1995 ஆகஸ்ட் கடைசியில். ஜார்ஜ் ஹோட்டல் கூட்டம் நடந்து கிட்டத்தட்ட நாள் தப்பாமல் நூறு வருஷம். கார்லிங் மைக்கை மறந்து பேசி நான்கு மாதம்.

சம்பளம் வந்ததும் ஆட்டம் யாருடையது என்கிற சண்டையும் கூடவே வந்தது. சர் ஜான் ஹால் மாதிரி பணக்காரர்கள் கிளப்புகளை வாங்க ஆரம்பித்தார்கள். ஊர்ப்புறக் கிளப்புகளுக்கு வயிற்றைக் கலக்கியது. நம்மை யார் கவனிப்பா? இந்த நேரத்தில்தான் 1996 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை, பர்மிங்ஹாமில் சிறப்புப் பொதுக்குழு. நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் தேர்வு. கமிட்டி நிறுத்திய ஆள் ஜான் ஜீவன்ஸ் ஃபெல்லோஸ். எதிர்த்து நின்றவர் கிளிஃப் பிரிட்டில், தொழிலதிபர். கிளப்புகள் பிரிட்டிலுக்குக் குத்து குத்துன்னு குத்தின. கமிட்டி வேட்பாளர் படுதோல்வி.

என் பார்வையில் அந்தத் தேதி 1995 மே 6ஐவிட முக்கியமானது, ஆனால் யாரும் பேசுவதில்லை, ஏன்னா அதில் கெட்ட வார்த்தை இல்லை. கமிட்டி சொன்ன ஆளைக் கிளப்புகள் ஓட்டுப்போட்டு ஓரங்கட்டின. ஆனால் பிரிட்டிலைத் தேர்ந்தெடுத்தாங்களே தவிர, அவரைச் சுத்தி இருந்த மற்ற எல்லாரையும் அப்படியே விட்டுட்டாங்க. விளைவு, தலைவர் ஒரு பக்கம், அவருடைய சொந்தக் குழு இன்னொரு பக்கம். ஸ்கை தொலைக்காட்சியோடு யூனியன் தனியாக 8.75 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. மற்ற நாடுகள் கோபித்துக்கொண்டு, 1996 கோடையில் இங்கிலாந்தை ஐந்து நாடுகள் போட்டியிலிருந்தே வெளியேற்றின, அப்புறம் சமாதானமாகித் திரும்பச் சேர்த்துக்கொண்டன. பெரிய கிளப்புகளோடு ஓயாத இழுபறி. 1998 ஜூலையில் அதே கிளப்புகள் பிரிட்டிலைத் தோற்கடித்து பிரையன் பெய்ஸ்டரைக் கொண்டுவந்தன. தூக்கி வெச்ச கைதான் இறக்கியும் விட்டது.

இங்கே ஒரு நிர்வாக விவரம், சலிப்பாக இருந்தாலும் பொறுத்துக்குங்க, இதில்தான் விஷயமே இருக்கு. இந்த யூனியன் உறுப்பினர் கிளப்புகளுக்குச் சொந்தமான சங்கம், நம்ம ஊர் கூட்டுறவுச் சங்கம் மாதிரி. பொதுக்குழுவில் ஓட்டு கிளப்புக்கு, ரசிகனுக்கு இல்லை. ஆனால் கிளப் என்பது யார்? செவ்வாய், வியாழன் பயிற்சிக்கு விளக்குப் போடுபவர், ஜெர்சி துவைக்கிறவர், பொருளாளர். சர்வதேச ஆட்டத்துக்கான டிக்கெட்டும் பெரும்பாலும் கிளப்புகள் வழியாகத்தான் காலங்காலமாகப் போகும். ஆக, ட்விக்கனத்தில் உட்கார்ந்து "ஊ" என்று கத்துபவரும், பொதுக்குழுவில் கையைத் தூக்குபவரும் பல நேரம் ஒரே ஆள். மைதானத்தில் அவர் ரசிகர். பொதுக்குழுவில் அவர் பொருளாளர். பொருளாளர் கத்துவதற்கு முன்னால் கிளப் கட்டட மானியத்தைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிப்பார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2024க்கு வாங்க.

தலைமை நிர்வாகி பில் ஸ்வீனி. 2019ல் வந்தவர். அவர் மேல் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருந்தது. 2022ல் வூஸ்டர், வாஸ்ப்ஸ் (ஆமாம், மேலே வந்த அதே வாஸ்ப்ஸ்), 2023ல் லண்டன் ஐரிஷ் என்று மூன்று முதல்நிலைக் கிளப்புகள் திவாலாகின. 2023 ஜனவரியில், எதிராளியை இடுப்புக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று ஊர்க் கிளப்புகளுக்கு ஒரு விதியைத் திடீரென்று அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட, யூனியன் மன்னிப்புக் கேட்டு நெஞ்செலும்புக்குக் கீழே என்று மாற்றியது. 2024ல் ட்விக்கனத்தின் பெயரே ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு அலியான்ஸ் ஸ்டேடியம் ஆனது. அந்த இலையுதிர்காலத்தில் சொந்த மண்ணில் நியூசிலாந்திடம் 22-24, ஆஸ்திரேலியாவிடம் 37-42, தென்னாப்பிரிக்காவிடம் 20-29 என்று வரிசையாகத் தோல்வி.

அப்போ பார்த்து நவம்பர் கடைசியில் ஆண்டறிக்கை வந்தது. யூனியனுக்கு 3.79 கோடி பவுண்டு செயல்பாட்டு நஷ்டம், வரலாறு காணாத நஷ்டம். 42 பேருக்கு வேலை போகிறது. ஸ்வீனிக்கு ஊக்கத்தொகை 3,58,000 பவுண்டு, எல்லாம் சேர்த்து 11 லட்சம் பவுண்டு.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாகணும். உலகக் கோப்பை நடக்கிற ஆண்டில் சொந்த மண்ணில் ஆட்டங்கள் குறைவு, டிக்கெட் வருமானம் குறைவு, அதனால் நான்காண்டுக்கு ஒரு முறை நஷ்டம் வரும் என்று யூனியன் சொன்னது. நியாயமான விளக்கம். ஊக்கத்தொகைத் திட்டமும் கோவிட் காலத்துக்குப் பிறகு அதிகாரிகள் விலகிப் போகாமல் இருக்கப் போட்டதுதான். கணக்குப்படி சரியாக இருக்கலாம். ஆனால் வேலை போன 42 பேர் இருக்கிற அதே பக்கத்தில் அந்தத் தொகையும் இருந்தால், விளக்கத்தை யார் படிப்பா?

முதலில் போனது ஸ்வீனி இல்லை. டிசம்பர் 20ஆம் தேதி வாரியத் தலைவர் டாம் இலுபே ராஜினாமா செய்தார். இடைக்காலத் தலைவராக பில் பியூமாண்ட் வந்தார். 1980 கிராண்ட் ஸ்லாம் அணியின் தலைவர், லங்காஷயர்காரர், பிறகு உலக ரக்பி அமைப்புக்கே தலைவராக இருந்தவர், எல்லாருக்கும் பிடித்த முகம். 1995ல் கமிட்டிக்கு எதிராக நின்றது ஒரு அணித் தலைவரின் முகம். இந்த முறை அணித் தலைவரின் முகத்தைக் கமிட்டியே முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டது. திட்டம் போட்டுச் செய்ததுன்னு நான் சொல்லலை. ஆனால் அது வேலை செய்தது. பியூமாண்டைப் பார்த்து யார் "ஊ" என்று கத்துவார்கள்?

சிறப்புப் பொதுக்குழு கூட்ட நூறு கிளப் போதும். 152 கேட்டன. கூட்டத்துக்கு முன்னால் யூனியன் தலைமை ஊர் ஊராகப் போய்க் கிளப்புகளைச் சந்தித்தது, குறை கேட்டது, நிர்வாகத்தைச் சீர்திருத்தி அதிகாரத்தை வட்டாரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம் என்றது. பிப்ரவரியில் இங்கிலாந்து பிரான்ஸை 26-25, ஸ்காட்லாந்தை 16-15 என்று மயிரிழையில் வென்றது. மார்ச் 15 அன்று கார்டிஃபில் வேல்ஸை 68-14 என்று நசுக்கியது. பன்னிரண்டு நாள் கழித்து, மார்ச் 27, வியாழக்கிழமை, ஓட்டெடுப்பு.

ஸ்வீனி மேல் நம்பிக்கையில்லை என்று 206. இல்லை, இருக்கட்டும் என்று 466. யாருக்கும் போடாமல் 36.

இந்த எண்ணிக்கையை முதலில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மூன்று மாதம் நடந்த கூச்சலுக்கு இவ்வளவுதானா? ஆனால் 1998ஐத் திரும்பப் படித்த பிறகு அப்படித் தோணலை. 466 பேருக்கும் ஸ்வீனியைப் பிடித்திருந்தது என்று நான் நம்பவில்லை. அவர்கள் பிரிட்டில் காலத்தைப் பார்த்த கிளப்புகள். ஆளைத் தூக்கினால் அடுத்து யார், அந்த இரண்டு வருஷச் சண்டையில் நம்ம மானியம் என்ன ஆகும் என்று பொருளாளர் யோசித்திருக்கிறார். கூடவே அந்த 206ஐயும் சும்மா தள்ளிவிட முடியாது. தன் தேசிய அமைப்பின் தலைமை நிர்வாகியை வேண்டாம்னு பத்துக்கு மூணு ஓட்டு வெளிப்படையாகச் சொல்லியிருக்கு. 1893ல் மில்லர் பக்கம் விழுந்தது கிட்டத்தட்ட அதே பங்குதான்: 418ல் 136, பத்துக்கு மூணு சொச்சம்.

வித்தியாசம், இந்த 206 கிளப்புகளுக்கு எழுந்து போக ஒரு ஜார்ஜ் ஹோட்டல் இல்லை. அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு ரெஃபரி அனுப்புவதும் காப்பீடு கொடுப்பதும் இதே யூனியன்தான், இலையுதிர்கால ஆட்டத்துக்கு டிக்கெட் விண்ணப்பம் போக வேண்டியதும் அங்கேதான்.

கார்லிங் என்ன ஆனார்னு கேட்பீங்க. 1995 உலகக் கோப்பையில் ராப் ஆண்ட்ரூ கடைசி நேரத்தில் அடித்த டிராப் கோலால் காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 25-22 என்று வென்றார்கள். அரையிறுதியில் ஜோனா லோமு ஏறி மிதித்துக்கொண்டு போனார், நியூசிலாந்து 45, இங்கிலாந்து 29. மொத்தம் 59 ஆட்டங்களுக்கு கார்லிங் தலைவர். 2018ல் ஆட்டக்காரர்களுக்குத் தலைமைப் பண்பு சொல்லித்தர இங்கிலாந்து அணி ஒரு ஆலோசகரைச் சேர்த்துக்கொண்டது. அது இவர்தான்.